மாங்காய் லோடுக்குப் பிக்கப் எடுப்பது எப்படி?

‘எந்த வண்டி எடுக்கலாம்?’ என்று கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் கேட்டால், லோடு எங்கே போகிறது என்றுதான் முதலில் கேட்பேன். பெங்களூரா ரக மாங்காயைப் பக்கத்துக் கூழ் ஆலையில் இறக்க ஒன்றேகால் டன் வண்டி போதும். சேலம் வரை போகும் என்றால் வழியில் மலைச்சரிவாக வரும் தொப்பூர் கணவாயை நினைத்துத்தான் வாங்க வேண்டும். லோடோடு இறங்கும்போதுதான் அங்கே சோதனை.

விளம்பரத்தில் சொல்லும் டன்னை விடுங்கள். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) மொத்த எடையும் காலி எடையும் இருக்கும், கழித்துப் பாருங்கள்; மிஞ்சுவதுதான் ஏற்றக்கூடிய எடை. ஆட்கள், காய் அடுக்கும் கிரேட் பெட்டிகள், தார்ப்பாய் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பின்னால் கம்பி அடித்து உயர்த்திய வண்டி என்றால் காலியாக எடை மேடையில் ஏற்றிச் சீட்டு வாங்குங்கள்.

பழைய வண்டியா? அடியில் படுத்துப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள். எடையைத் தாங்கும் ஸ்பிரிங்கான கமான் பட்டையில் கூடுதலாக ஒன்று சொருகியிருந்தால் ஓவர்லோடு அடித்த வண்டியாக இருக்கலாம். சேசிஸில் (அடிச்சட்டத்தில்) வெல்டிங் தழும்பும் அதன்மேல் புதுப் பெயிண்டும் இருந்தால் விலையே பேச வேண்டாம். காலி வண்டியை ஓட்டிப் பார்த்துப் பயனில்லை, மணல் மூட்டையாவது ஏற்றுங்கள். சரிவில் இரண்டாவது கியரில் விட்டால் வண்டி அடங்கி வர வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கும் டிரைவர் இருந்தால், முதலில் அவரை மாற்றுங்கள்.

ஏசி உங்கள் இஷ்டம். அப்புறம் எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் தேதிகளைப் பாருங்கள். கடன் வண்டி என்றால் கடன் கொடுத்தவரின் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.