தொப்பூர் இறக்கத்தில் ஆற்றல் கணக்குப் போடுவது எப்படி?

"ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது" என்று மனப்பாடமாகச் சொல்லிவிட்டு, கணக்கு வந்ததும் எந்தச் சூத்திரம் என்று தடுமாறும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்காக இது. தருமபுரியிலிருந்து சேலம் போகிற வழியில் இருக்கும் தொப்பூர் கணவாயைவிட நல்ல உதாரணம் நம் பக்கத்தில் கிடையாது.

முதலில் கணக்கில் எவையெல்லாம் சேரும் என்று முடிவு செய்யுங்கள்: லாரி, சரக்கு, பிரேக், சாலை, சுற்றியுள்ள காற்று, பூமி. இதில் ஒன்றை விட்டாலும் ஆற்றல் எங்கோ காணாமல் போன மாதிரி இருக்கும்.

அடுத்து, மேலே என்ன இருந்தது? சரக்கோடு 20 டன் லாரி, செங்குத்தாக 100 மீட்டர் இறங்குகிறது என்று வையுங்கள். 20,000 × 9.8 × 100, அதாவது 1.96 கோடி ஜூல் நிலை ஆற்றல். கரன்ட் பில்லில் வரும் யூனிட்டில் சொன்னால் சுமார் ஐந்தரை யூனிட். அதே லாரி 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் வெறும் 12 லட்சம் ஜூல்தான் (வேகத்தை விநாடிக்கு 11.1 மீட்டர் என்று மாற்றிப் போடுங்கள், நிறைய பேர் இங்கேதான் மார்க்கை விடுகிறார்கள்). ஆக, வண்டியின் வேகத்தைவிட அது நிற்கும் உயரத்தில்தான் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. எதுவுமே தடுக்காவிட்டால் கீழே வரும்போது வேகம் 160 கிலோமீட்டரைத் தொடும்.

அதே 40-லேயே இறங்கினால் இயக்க ஆற்றல் கூடவில்லை. அப்படியென்றால் 1.96 கோடியும் வெப்பமாகத்தான் போயிருக்க வேண்டும். டயரும் காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி 1.5 கோடி பிரேக்குக்குப் போகிறது, பிரேக் டிரம்கள் (சக்கரத்தோடு சுழலும் இரும்பு உருளைகள்) எல்லாம் சேர்த்து 300 கிலோ இரும்பு என்று வைத்துக்கொண்டால், இரும்பின் தன்வெப்ப ஏற்புத் திறன் (ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான ஆற்றல்) ஏறக்குறைய 450 ஜூல் என்பதால், வெப்பநிலை 110 டிகிரி போல ஏறும். காற்று கொஞ்சம் ஆற்றும்தான், ஆனால் இறக்கம் நீள நீள சூடு ஏறிக்கொண்டே போகும். டிரம் விரியும், அதன் உள்பக்கம் அழுத்திப் பிடிக்கும் லைனிங்கின் பிடிப்பு குறையும், மிதித்தாலும் பிரேக் பிடிக்காது.

டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள், தயவுசெய்து. சின்ன கியரில் வந்தால் அந்த ஆற்றலில் பெரும்பகுதியை இன்ஜின் வாங்கி ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெளியே தள்ளிவிடும். இப்போதைய இன்ஜின்களில் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் டீசலே போகாது, அதனால் நியூட்ரலில் மிச்சம் என்பதும் பொய்.

ஓசூரில் தயாராகும் மின்சார ஸ்கூட்டர்களில் இன்னொரு வழி உண்டு: இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, ஒரு பகுதியை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். ஆனால் மலை மேலேயே பேட்டரி முழுசாக நிரம்பியிருந்தால் அந்த ஆற்றலுக்கு அங்கே இடமில்லை, பிரேக்தான் தாங்க வேண்டும்.