பழைய ரேஞ்சர் பிக்கப்புக்குப் பின் ஆக்சில் தேர்ந்தெடுப்பது எப்படி?

என் வண்டி 1996 ஃபோர்டு ரேஞ்சர். 3.0 லிட்டர் வி6, ஆட்டோமேட்டிக், டூ வீல் டிரைவ். ஆபீசுக்குப் போக, வார இறுதியில் மரச்சட்டம் ஏற்றிவர, அவ்வளவுதான் அதன் வேலை. பின் ஆக்சிலின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலில் (இரு பின் வீல்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் கியர் தொகுதி) கிரவுன் பினியன், அதாவது பெரிய பல்சக்கரமும் அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமும், ஊளையிட ஆரம்பித்ததும் ஆக்சிலையே முழுசாக மாற்றினேன். அமெரிக்காவில் பழைய பிக்கப் வைத்திருக்கும் நம்மவர்கள் அடிக்கடி இதைப் பற்றிக் கேட்பதால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். ஜாக்கி போட, வீல் கழற்றத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. சத்தம் டிஃபரன்ஷியலில் இருந்துதானா?

ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒரு சுருதி, காலை எடுத்ததும் வேறு சுருதி என்றால் கிரவுன் பினியன். வளைவில் கூடிக் குறையும் உறுமல் என்றால் வீல் பேரிங். கியர் போட்டதும் ஒரு 'டொக்' மட்டும் என்றால் முதலில் டிரைவ் ஷாஃப்ட்டின் (எஞ்சின் சக்தியைப் பின்னால் கொண்டுபோகும் தண்டு) முனையிலுள்ள யு-ஜாயிண்டைப் பாருங்கள். சின்ன விலையில் முடிந்துவிடலாம்.

2. இப்போது என்ன இருக்கிறது?

டிரைவர் கதவுச் சட்டத்தில் உள்ள ஸ்டிக்கரில் ஆக்சில் கோடு இருக்கும். அதைவிட நம்பகமானது, டிஃபரன்ஷியல் கவரின் போல்ட் ஒன்றில் மாட்டியிருக்கும் சின்னத் தகரப் பட்டை. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் '3 73' அல்லது '3எல்73' என்று தெரியும். அதுதான் ரேஷியோ, 3.73: வீல் ஒரு சுற்று சுற்ற டிரைவ் ஷாஃப்ட் அத்தனை சுற்று சுற்ற வேண்டும். நடுவில் எல் இருந்தால் லிமிடெட் ஸ்லிப், அதாவது ஒரு வீல் மட்டும் சும்மா சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல். பக்கத்திலேயே 7.5 அல்லது 8.8 என்று இருப்பது கிரவுன் வீலின் விட்டம், அங்குலத்தில். சின்ன எஞ்சின் ரேஞ்சர்களில் பெரும்பாலும் 7.5, நாலு லிட்டரில் பெரும்பாலும் 8.8.

பட்டை காணாமல் போயிருந்தால் கவரைத் திறந்து பல்லை எண்ணுங்கள். கிரவுனில் 41, பினியனில் 11 என்றால் 3.73. 41-க்கு 10 என்றால் 4.10. 39-க்கு 11 என்றால் 3.55.

3. ரேஷியோ

தெருவில் ஓட்டும் வண்டிக்கு ரேஷியோதான் முதல் கேள்வி. மைல் வேகம் × ஆக்சில் ரேஷியோ × டாப் கியர் ரேஷியோ × 336, வருவதை டயரின் விட்டத்தால் (அங்குலத்தில்) வகுத்தால் ஆர்பிஎம். 235/75ஆர்15 டயருக்கு விட்டம் சுமார் 28.9. ஓவர்டிரைவ் 0.75 என்று வைத்து 65 மைலுக்குப் போட்டால் 3.55-ல் சுமார் 2010, 3.73-ல் 2115, 4.10-ல் 2325. ஹைவேயில் தினமும் போகிறவருக்கு 4.10 பெட்ரோலையும் காதையும் தின்னும். 33 அங்குல டயர் போட்டவருக்கு அதே 4.10 சரியாக இருக்கும். இருந்த ரேஷியோவிலேயே இருந்தால் ஸ்பீடோமீட்டர் தொல்லையும் இல்லை. நான் 3.73-லேயே நின்றுவிட்டேன்.

ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவர்கள் இங்கே நிறுத்திப் படியுங்கள்: முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே ரேஷியோவாக இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்த ரோட்டில் 4 வீல் போட்டதும் டிரான்ஸ்பர் கேஸ் (முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) முறுக்கிக்கொள்ளும். பின்னாடி மாற்றினால் முன்னாடியும் மாற்ற வேண்டும், செலவு இரட்டிப்பு.

4. ஓப்பனா, லிமிடெட் ஸ்லிப்பா, லாக்கரா?

காலி பிக்கப்பின் பின்புறம் எடையே இருக்காது. ஓப்பன், அதாவது பூட்டே இல்லாத சாதா டிஃபரன்ஷியல் என்றால் மழையில் சிக்னலில் இருந்து கிளம்பும்போது ஒரு வீல் மட்டும் சும்மா சுற்றும். அதற்கு ஃபோர்டின் டிராக்-லாக் லிமிடெட் ஸ்லிப் போதும். உள்ளே கிளட்ச் தட்டுகள், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். இரு வீலையும் தானாகச் சேர்த்துப் பூட்டும் லாக்கர் வளைவில் 'டக் டக்' என்று அடிக்கும், ஈர ரோட்டில் வாலை ஆட்டும். இரு வீலையும் எப்போதும் ஒன்றாகவே பூட்டிவைக்கும் ஸ்பூல் பற்றிப் பேச்சே வேண்டாம், அது ரேஸுக்கு. பழைய கூட்டிலேயே புது கிரவுன் பினியன் போடலாமே என்றால், பினியன் ஆழம், பேக்லாஷ் (பற்களுக்கு இடையே விடும் இடைவெளி) எல்லாம் ஷிம் (மெல்லிய தகடு) வைத்து மில்லிமீட்டரின் சிறு பங்கில் பார்க்கிற வேலை. முதல் தடவை செய்கிறவர் முழு ஆக்சிலை மாற்றுவதே மேல்.

5. எந்த வண்டியிலிருந்து எடுப்பது?

1995 முதல் 2001 வரையிலான ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர். 8.8 கிரவுன், 31 ஸ்ப்ளைன் (முனையிலுள்ள வரிப்பற்கள்) ஷாஃப்ட், பின்னாடி டிஸ்க் பிரேக், ரேஞ்சரின் அதே 5 × 4.5 அங்குல வீல் போல்ட் அமைப்பு (4.5 அங்குல வட்டத்தில் 5 போல்ட்). கதவு ஸ்டிக்கரில் ஆக்சில் கோடு 'டி4' என்றிருந்தால் 3.73 லிமிடெட் ஸ்லிப், நான் தேடி எடுத்தது அதைத்தான். எந்த யார்டில் (பழைய வண்டிகளின் பாகம் விற்கும் இடம்) இருக்கிறது என்று பார்க்க கார்-பார்ட் டாட் காம் உதவும்.

8.8 என்றதும் எதையும் அள்ளிக்கொண்டு வராதீர்கள். மஸ்டாங்கின் 8.8 காயில் ஸ்பிரிங்குக்கானது. எஃப்-150-ன் 8.8 அகலம் அதிகம், வீல் போல்ட்டும் ஒத்துவராது. 2002 முதல் வந்த எக்ஸ்ப்ளோரரில் பின்னாடி இண்டிபெண்டண்ட் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு வீலும் தனித்தனியாக அசையும்), பேச்சுக்கே இடமில்லை.

6. யார்டில் பார்க்க வேண்டியவை

கவரைத் திறக்காமல் காசு கொடுக்காதீர்கள். ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. உள்ளே இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறக் குழைவு ஒட்டியிருப்பது சகஜம். செதில் செதிலாக இரும்பு கிடைத்தால் அடுத்த வண்டிக்குப் போங்கள்.

இதில் பலர் விடுவது ஆக்சில் ஷாஃப்ட்டை. 8.8-ல் வீல் பேரிங்குக்கு உள் வளையம் கிடையாது. உருளைகள் ஷாஃப்ட் மேலேயே ஓடும். ஷாஃப்ட்டை உருவி, பேரிங் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டினால், சின்னக் குழிகள் தெரிந்தால், அந்த ஷாஃப்ட் புது பேரிங்கையும் தின்றுவிடும். உருவுவதற்கு டிஃபரன்ஷியலின் நடுவிலுள்ள பின்னை (குறுக்குக் கம்பி) எடுத்து, ஷாஃப்ட்டை உள்ளே தள்ளி, அதன் முனையைப் பிடித்திருக்கும் சி-கிளிப்பை எடுக்க வேண்டும். அந்தக் கம்பி வெளியே இருக்கும்போது எதையும் சுற்றாதீர்கள், அதில் மாட்டியிருந்த சின்ன ஸ்பைடர் கியர் உருண்டு கையில் விழும்.

கிளம்பும் முன் பிரேக் ஹோஸ், ஹேண்ட்பிரேக் கேபிள், கேலிப்பர் எல்லாவற்றையும் அதோடு சேர்த்தே எடுத்துவிடுங்கள். பிறகு தனித்தனியாகத் தேடினால் ஆக்சிலை விட அதற்கே அதிகம் ஆகும். கனம் சாமானியமில்லை, இன்னொரு ஆள் கட்டாயம். 12 மில்லிமீட்டர், 12 முனை சாக்கெட் இல்லாமல் போகாதீர்கள். டிரைவ் ஷாஃப்ட் போல்ட்டுகள் அந்த அளவு. பேட்டரி இம்பாக்ட் கன் வைத்திருந்தால் உங்கள் முதுகு உங்களை வாழ்த்தும்.

7. ஸ்பிரிங் இருக்கை

எனக்கு அதிக நேரம் பிடித்தது இங்கேதான். எக்ஸ்ப்ளோரரில் லீஃப் ஸ்பிரிங் ஆக்சிலுக்குக் கீழே, ரேஞ்சரில் மேலே. அதனால் எக்ஸ்ப்ளோரர் ஆக்சிலில் உள்ள இருக்கைகளை (ஸ்பிரிங் உட்காரும் தாங்கிகள்) கிரைண்டரில் அறுத்துவிட்டு, புதியதை மேல்பக்கம் வெல்ட் செய்ய வேண்டும். குழாய் 3.25 அங்குலம், இருக்கையும் யு-போல்ட்டும் அந்த அளவில் புதிதாக வாங்குங்கள். பழைய யு-போல்ட்டை மறுபடி போடவே கூடாது.

ஆக்சிலை நடுவில் வைக்கும்போது டிஃபரன்ஷியல் கூட்டைப் பார்த்து அளக்காதீர்கள், கூடு ஒரு பக்கம் தள்ளித்தான் இருக்கும். சேஸிஸிலிருந்து வீல் பொருந்தும் முகம் வரை இரு பக்கமும் அளந்து சமமாக்குங்கள்.

அடுத்து பினியன் கோணம், அதாவது டிரைவ் ஷாஃப்ட் மாட்டும் பினியன் முனையின் (மூக்கின்) சாய்வு. வண்டியின் எடை ஸ்பிரிங் மேல் இருக்கும்படி வைத்துவிட்டு, காந்தம் ஒட்டும் டிஜிட்டல் கோணமானியால் அளங்கள். டிரான்ஸ்மிஷன் பின்பக்கம் 4 டிகிரி கீழே சாய்ந்திருந்தால் பினியன் மூக்கு 4 டிகிரி மேலே பார்க்க வேண்டும், இரண்டும் இணையாக வரும். ஆனால் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது லீஃப் ஸ்பிரிங் முறுக்கி மூக்கைத் தூக்கும். எனவே ஒன்றிரண்டு டிகிரி குறைத்து, 2 அல்லது 3-ல் நிறுத்துங்கள். இதைத் தவறவிட்டால் ஹைவே வேகத்தில் சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம் வரும், வீல் பேலன்ஸ் செய்து செய்து காசு போகும்.

முதலில் புள்ளி வெல்ட் மட்டும். கோணத்தை மறுபடி பாருங்கள். பிறகு ஒரு அங்குலம் இந்தப் பக்கம், ஒரு அங்குலம் அந்தப் பக்கம் என்று ஆறவிட்டுப் போடுங்கள், ஒரே மூச்சில் போட்டால் குழாய் வளையும். எர்த் கிளாம்ப் வெல்ட் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், கரண்ட் பேரிங் வழியாகப் போகக் கூடாது. வெல்டிங்கில் கை பழகாதவர்கள் புள்ளி வைத்துவிட்டு, மீதியைப் பட்டறையில் கொடுங்கள். பிரேக் பிடித்த ஆக்சிலைத் தாங்கும் வெல்ட் இது.

8. ஆயில்

எந்த ஆக்சிலானாலும் ஆயில் வடிக்கும் முன் ஊற்றும் துளையின் மூடி திறக்கிறதா என்று பாருங்கள். 3/8 ரேச்செட் நேராகப் பொருந்தும். கவருக்கு கேஸ்கெட்டை விட ஆர்டிவி சிலிக்கோன் பசை எனக்குப் பிடிக்கும். செயற்கை கியர் ஆயிலோடு, டிராக்-லாக் என்றால் ஃபிரிக்‌ஷன் மாடிஃபையரும் 4 அவுன்ஸ். அதை விட்டால் பார்க்கிங் லாட்டில் திரும்பும்போது கர்ரென்று அதிரும். சில நூறு மைல் ஓடியதும் யு-போல்ட்டுகளை மறுபடி முறுக்குங்கள்.

பின்சேர்க்கை: சூப்பர் கேப் (நீண்ட கேபின் உள்ள ரேஞ்சர்) வைத்திருக்கும் ஒருவர் கோணம் சரியாக இருந்தும் நடுக்கம் என்று எழுதியிருந்தார். அவருடையது நடுவில் பேரிங் வைத்த இரண்டு துண்டு ஷாஃப்ட். அதில் பினியனை டிரான்ஸ்மிஷனோடு அல்ல, ஷாஃப்ட்டின் முன் துண்டோடு ஒப்பிட வேண்டும். நடு பேரிங்கின் ரப்பர் தொங்கிப்போயிருந்தால் முதலில் அதை மாற்றிவிட்டு அளங்கள்.

இன்னொன்று: ஜாக்கியில் தூக்கி ஒரு வீலைச் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்றுகிறது, அப்படியானால் லிமிடெட் ஸ்லிப் இல்லையா என்று இன்னொருவர் கேட்டார். கிளட்ச் தட்டு நன்றாகத் தேய்ந்துபோன டிராக்-லாக்கும் அப்படித்தான் சுற்றும். தகரப் பட்டையில் எல் இருந்து, ஆயிலும் பற்களும் சுத்தமாக இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கி, தட்டு கிட் போட்டுக்கொள்ளலாம்.