லாஃப்ட் ஆன்டெனாவை வீட்டு கேபிளோடு இணைப்பது எப்படி?

லண்டனில் நாங்கள் குடிவந்த வீட்டில் மூன்று அறைச் சுவரிலும் டிவி சாக்கெட் இருந்தது. எதிலும் படம் வரவில்லை. கூரைக்கு அடியிலுள்ள காலி இடமான லாஃப்டில் ஏறிப் பார்த்தால், மூன்று கேபிள்களும் நுனி வெட்டுப்பட்டுத் தொங்கின. ஆன்டெனா ஒன்று வாங்கி, ஆன்டெனா வழியே வரும் பிரிட்டனின் இலவச டிவி சேவையான ஃப்ரீவியூவை ஒரே மதியத்தில் வர வைத்தேன். புதிதாகச் செய்பவர்களுக்கும் இது முடிகிற வேலைதான்.

ஏறியதும் மரச்சட்டங்களின் மேல் மட்டும் கால் வையுங்கள். நடுவில் இருப்பது பிளாஸ்டர்போர்டு என்ற மெல்லிய கூரைப் பலகை, ஆள் கனம் தாங்காது. கண்ணாடிப் பஞ்சு அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்புவது? பக்கத்து வீட்டுக் கூரைகளில் ஆன்டெனாக்கள் எந்தப் பக்கம் நோக்கியிருக்கின்றன, குச்சிகள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். தென் லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் கோபுரத்திலிருந்து எடுக்கும் வீடுகளில் ஆன்டெனாவின் குச்சிகள் படுக்கையாக இருக்கும். பெரிய கோபுரத்தின் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் சிறு ரிலே கோபுரங்களுக்குப் பெரும்பாலும் செங்குத்தாக. அப்படியே நீங்களும் வையுங்கள், தண்ணீர்த் தொட்டியை விட்டுத் தள்ளி. கூரைக்கு அடியில் அலுமினியத் தாள் ஒட்டிய பலகை இருந்தால் சிக்னல் உள்ளே வராது. ஆன்டெனா வெளியேதான் போக வேண்டும்.

அடுத்தது கேபிள் நுனி. அவசரப்படவே கூடாத இடம் இது. வெளி உறையை 15 மி.மீ. அளவுக்குச் சுற்றி வெட்டி உருவுங்கள். உள்ளே இருக்கும் செம்பு வலையையும் அதன் கீழே உள்ள மெல்லிய உலோகத் தாளையும் பின்னால் மடித்து உறை மேல் படிய விடுங்கள். இப்போது தெரியும் வெள்ளை நுரையில் 2 மி.மீ. மட்டும் விட்டு மீதியைச் சீவி எடுங்கள். நடுக்கம்பியில் கீறல் விழக்கூடாது. அப்புறம் கேபிள் நுனியில் மாட்டும் திருகு முனையான எஃப் கனெக்டரை மடித்த வலையின் மேல் இறுக்கித் திருகுங்கள். நடுக்கம்பி கனெக்டர் வாய்க்கு வெளியே 2 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் சரி. கனெக்டரைக் கேபிளின் தடிமனுக்குப் பொருத்தமாகப் பார்த்து வாங்குங்கள்.

ஒரே அறை என்றால் ஆன்டெனா கேபிளையும் அறைக் கேபிளையும் இரண்டு எஃப் கனெக்டர்களை இணைக்கும் எஃப் ஜாயின்டரால் சேர்த்தால் போதும். பல அறைகள் என்றால் சிக்னலைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்பிளிட்டர் வேண்டும். எல்லாக் கம்பிகளையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றாதீர்கள். டிவி கேபிளின் 75 ஓம் மின்மறுப்புப் பொருத்தம் கெட்டு, சிக்னல் திரும்பி மோதிப் படம் கட்டம் கட்டமாக உடையும். ஸ்பிளிட்டரில் இரண்டாகப் பிரித்தாலே ஒரு பக்கத்துக்குச் சிக்னல் பாதிக்கும் குறைவாகத்தான் கிடைக்கும். கூரை ஓடுகள் ஏற்கெனவே கொஞ்சம் தின்றிருக்கும். போதவில்லை என்றால் மட்டும், ஆன்டெனாவுக்கும் ஸ்பிளிட்டருக்கும் நடுவில் சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் வையுங்கள். சிக்னல் பலமாக இருக்கும் இடத்தில் பூஸ்டரே படத்தைக் கெடுக்கும்.

கடைசியாக, டிவி மெனுவில் ரீட்யூன் கொடுத்துச் சேனல்களை மறுபடி தேட விடுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு அறைகளில் உடனே வந்தது. மூன்றாவதில் ‘சிக்னல் இல்லை’. கனெக்டரைக் கழற்றினேன். முடியளவு வலைக்கம்பி ஒன்று நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதை நறுக்கி மறுபடி திருகியதும் பிபிசி வந்தது.