எண்ணெய் வண்ணத்தில் சோலைக்காடு

காட்டுப் படம் கெடுவது பெரும்பாலும் இலையில்தான். இலை இலையாகப் போடத் தொடங்கினால் பச்சைப் புள்ளிகள் மிஞ்சும், காடு வராது. நீலகிரிச் சோலையை எடுத்துக்கொள்வோம்: குட்டை மரங்கள், உருண்டு நெருங்கிய தலைகள், பாசி படிந்த கோணல் தண்டுகள், சட்டென முடிந்து புல்வெளியாகும் ஓரம்.

16×20 அங்குல கேன்வாஸ் போதும். ஜெஸ்ஸோ (கேன்வாஸில் முதலில் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) காய்ந்தபின் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து முழுதும் பூசி, துணியால் துடைத்துவிடுங்கள். இடுக்குகளில் தெரியும் இந்தச் செம்பழுப்பு பச்சையைக் கண்ணை உறுத்தாமல் வைக்கும்.

அடுத்து இருட்டு. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் விவரம் மறைந்து நிழல் திட்டுகள் மட்டும் தெரியும். அவற்றை அகலமான பிரஷ்ஷால் மெல்லிசாகப் போடுங்கள். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் ஏறக்குறைய சமமாகக் கலந்தால் கருப்பை ஒட்டிய நிறம் கிடைக்கும். ஐவரி பிளாக் மெதுவாகக் காயும், அடிப்பூச்சுக்கு ஆகாது.

பச்சையை டியூபிலிருந்து நேராகப் பூசினால் பிளாஸ்டிக் செடிதான். அல்ட்ராமரைன் ஒரு பங்குக்குக் காட்மியம் மஞ்சள் இரண்டு பங்கு, பச்சையை அடக்கத் துளி பர்ன்ட் சியன்னா. தொலைவு மரங்களுக்கு வெள்ளையும் நீலமும் கூட்டி, உலர்ந்த பிரஷ்ஷால் விளிம்பைக் கலைத்துவிடுங்கள். மூடுபனி தானாக வரும். சோலையில் கொழுந்துகள் செம்பு நிறத்தில் துளிர்க்கும். எல்லோ ஓக்கரும் (மண் மஞ்சள்) பர்ன்ட் சியன்னாவும் கலந்து இரண்டு மூன்று மரங்களில் மட்டும் வையுங்கள். அதற்கு மேல் போனால் மேலைநாட்டு இலையுதிர்காலம் ஆகிவிடும்!

இலை கடைசியில், வெயில் படும் ஓரங்களில் மட்டும். மயிர் விரிந்த பழைய பன்றிமயிர்ப் பிரஷ்ஷில் கெட்டியாக எடுத்து ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். ஈரத்தின்மேல் தேய்த்தால் இரண்டும் கலந்து சேறாகும். இலைகளுக்கு நடுவே தெரியும் வானத்தை, திறந்த வானத்தைவிட ஒரு படி மங்கலாக வையுங்கள். இல்லாவிட்டால் வெள்ளைப் பொட்டுகளாக முன்னே வந்து நிற்கும். தரையில் விழும் வெயில் திட்டுகள் படுக்கைவாட்டில் நீள்வட்டமாக இருக்கட்டும்.

முதல் பூச்சுக்கு டர்பன்டைன் மட்டும். மேலே போகப்போக ஆளிவிதை எண்ணெய் கூட வேண்டும். மாற்றிச் செய்தால் மேல்பூச்சு முதலில் இறுகி, அடிப்பூச்சு பிறகு அசையும்போது வெடிக்கும். வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீர் உள்ள மூடிய தகர டப்பாவில் போடுங்கள்.