லேப்டாப்போட இந்தியா சுத்துறது எப்படி: லீவு போடாம, காசும் கரையாம

வீட்ல இருந்து பாக்குற வேலைய மைசூர்ல இருந்து பாத்தா என்ன, கோவால இருந்து பாத்தா என்னன்னு நிறைய பேருக்கு ஆசை இருக்கு, ஆனா எல்லாரும் முதல்ல கேக்குறது மாசம் எவ்ளோ ஆகும்னுதான். அது நீங்க எத்தனை தடவ ஊர் மாறுறீங்கங்கிறத பொறுத்தது. ரயில் டிக்கெட் காசு பெருசா ஒண்ணும் இல்ல. ஊர் மாறுற அன்னைக்குத்தான் பணம் போகும், ஸ்டேஷன்ல இருந்து ஆட்டோ, அந்த ரெண்டு நாளும் மூணு வேளையும் ஹோட்டல் சாப்பாடு, நாள் வாடகைக்கு ரூம், நெட் வேலை செய்யலன்னு அவசரத்துக்குப் போய் உக்காருற காஃபி ஷாப்ல முந்நூறு ரூபா பில்லு, இதெல்லாம் சேந்து டிக்கெட்ட விட ரெண்டு மூணு மடங்கு ஆயிடும்.

அதனால மாசத்துக்கு ஒரு ஊர், கம்மினா மூணு வாரம். மாச வாடகைன்னு பேசினாலே ஹாஸ்டலோ ஹோம்ஸ்டேயோ ரேட்டை நல்லா இறக்குவாங்க, கிச்சன் இருந்தா காலை டிபன் நீங்களே பண்ணிக்கலாம், அந்த ஊர் மெஸ் எது, காய் எங்க மலிவு, எந்த பஸ் எங்க போகுதுன்னு ஒரு வாரத்துல பிடிபட்டுடும், அதுக்கப்புறம் உள்ளூர்க்காரங்க செலவு பண்ற மாதிரியே உங்களுக்கும் செலவாகும். நாலு நாளைக்கு ஒரு ஊர்னு ஓடுறவங்களுக்கு இந்த கட்டமே வராது.

ஊர் மாறுறத வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு வச்சுக்கோங்க. சென்னைல இருந்து கிளம்புறவங்களுக்கு டெல்லி எவ்ளோ வசதின்னு பாருங்க, தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சென்ட்ரல்ல ராத்திரி 10 மணி வாக்குல கிளம்பும், வெள்ளிக்கிழமை வேலைய முடிச்சுட்டு ஏறினா சனிக்கிழமை முழுக்க ரயில்ல, ஞாயித்துக்கிழமை காலைல புது டெல்லி. கிட்டத்தட்ட 2,180 கிலோமீட்டர், ஒரு நாள் லீவு கூட இல்ல, ரெண்டு ராத்திரி ரூம் வாடகையும் மிச்சம். கொல்கத்தா பக்கம்னா கோரமண்டல், சனிக்கிழமை காலைல 7 மணி வாக்குல ஏறினா ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குள்ள ஷாலிமார் போய் சேந்துரும் (இப்போ அது ஹவுரா ஸ்டேஷனுக்குப் போறதில்ல, கவனிச்சுக்கோங்க). மைசூருக்கு காவேரி எக்ஸ்பிரஸ், ராத்திரி ஏறி காலைல இறங்கிடலாம், வார நாள்ல கூட மாறலாம். கோகர்ணா போகணும்னா பெங்களூர் வந்து பஞ்சகங்கா எக்ஸ்பிரஸ், சாயங்காலம் கிளம்பி காலைல கோகர்ணா ரோடு, அங்கேருந்து கார்வார் தாண்டினா கோவா. இப்படி ஒரு ராத்திரில போய் சேர்ற தூரத்துல அடுத்த ஊரை வச்சு ஒரு கோடு மாதிரி போய்க்கிட்டே இருந்தா, திரும்பி வர்றதுக்கு மட்டும் ஒரு நீள ரயில் போதும்.

டிக்கெட் விஷயத்துக்கு வருவோம், இதுலதான் நிறைய பேர் தடுமாறுறாங்க. முன்னாடி 120 நாளைக்கு முன்னாடியே புக் பண்ணலாம், 2024 நவம்பர்ல இருந்து அது 60 நாள் ஆயிடுச்சு. நமக்கு இது நல்லதுதான், ரெண்டு மாசத்துக்கு அப்புறம் எங்க இருப்போம்னு ஓரளவு தெரியும். ஒரு ஊர்ல போய் இறங்கின அன்னைக்கே அங்கேருந்து கிளம்புற டிக்கெட்டையும் போட்டுடுங்க, தேதி மாறினா நல்லா முன்னாடியே கேன்சல் பண்ணா பிடிக்கிற காசு ஒண்ணும் பெரிய தொகை இல்ல. தட்கல நம்பி இருக்காதீங்க, ஏசிக்கு காலைல 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணிக்கு ஓப்பன் ஆகும், அது சரியா உங்க ஸ்டாண்ட்அப் மீட்டிங் நேரம், அதோட கன்ஃபர்ம் ஆன தட்கலை கேன்சல் பண்ணா ஒரு பைசா திரும்ப வராது. 2025 ஜூலைல இருந்து ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் வெரிஃபை பண்ணின அக்கவுண்ட் வேணும், அவசரத்துக்கு வேணும்னாலும் இப்பவே ஐஆர்சிடிசில ஆதாரை லிங்க் பண்ணி வச்சுடுங்க.

வெயிட்டிங் லிஸ்ட் போட்டா நம்பரை மட்டும் பாக்காதீங்க, அது முன்னாடி என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. ஜிஎன்டபிள்யூஎல்னு இருந்தா ரயில் கிளம்புற ஸ்டேஷன் கோட்டா, அதுதான் கன்ஃபர்ம் ஆக வாய்ப்பு அதிகம். ஆர்எல்டபிள்யூஎல், பிக்யூடபிள்யூஎல்னு இருந்தா நடுவுல இருக்குற ஸ்டேஷன்களுக்கான சின்ன கோட்டா, நம்பர் சின்னதா இருந்தாலும் நகராது. நடுவுல இருக்குற ஊர்ல இருந்து ஏறப்போறீங்கன்னா, ரயில் கிளம்புற ஸ்டேஷன்ல இருந்தே டிக்கெட் போட்டு, 24 மணி நேரத்துக்கு முன்னாடி போர்டிங் பாயிண்டை உங்க ஊருக்கு மாத்திக்கோங்க. கொஞ்சம் காசு கூட ஆகும், ஆனா பெர்த் கிடைக்கும். மாத்தினதுக்கு அப்புறம் பழைய ஸ்டேஷன்ல ஏற முடியாது, அதை மறந்துடாதீங்க. ஆர்ஏசி கிடைச்சா ரயில் ஏறலாம், ஆனா சைடு லோயர்ல ரெண்டு பேர் உக்காந்துட்டு போறது, மறுநாள் வேலை இருக்குறவங்களுக்கு நான் அதை சொல்லமாட்டேன்.

எந்த கிளாஸ்? டிசம்பர், ஜனவரில தெற்க சுத்துறவங்களுக்கு ஸ்லீப்பர் தாராளமா போதும். ஏப்ரல், மே மாசம் ஆந்திரா, நாக்பூர் வழியா போறப்ப ஸ்லீப்பர் கோச் சூடு உடம்பை உருக்கிடும், லேப்டாப்புக்கும் நல்லதில்ல, அப்போ 3ஈ, அதாவது ஏசி எகானமி இருக்கான்னு பாருங்க, சாதா த்ரீ டயர் ஏசிய விட கொஞ்சம் கம்மி, பெர்த் மட்டும் நெருக்கமா இருக்கும். கரிப் ரத், அதாவது கம்மி டிக்கெட்ல ஓடுற ஏசி ரயில், அது ஓடுற ரூட்னா இன்னும் மலிவு.

இன்னொண்ணு, பாதி பேருக்கு தெரியாதது, சர்க்குலர் ஜர்னி டிக்கெட். கிளம்பின ஊருக்கே சுத்தி திரும்பி வர்ற மாதிரி ஒரே டிக்கெட், நடுவுல அதிகபட்சம் 8 இடத்துல இறங்கி தங்கலாம். ரயில்ல தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்கு ஆகுற காசு குறையும், இந்த டிக்கெட்ல மொத்த தூரத்தையும் சேத்து கணக்கு பண்றதால தனித்தனியா எடுக்குறத விட லாபம். ஆன்லைன்ல கிடைக்காது, எந்தெந்த ஊர்னு ஒரு லிஸ்ட் எழுதிட்டு ரயில்வே கமர்ஷியல் ஆஃபீஸ்லயும் கவுண்டர்லயும் நடக்கணும், பெர்த் ஒவ்வொரு ரயிலுக்கும் தனியா ரிசர்வ் பண்ணணும். வேலிடிட்டி தூரத்தை வச்சு குடுப்பாங்க, மாசக்கணக்குல தங்குறவங்களுக்கு ஒத்து வராது, ஒவ்வொரு ஊர்லயும் அஞ்சாறு நாள்தான்னு ஒரு பெரிய சுத்து அடிக்கிறவங்களுக்கு நல்லா இருக்கும்.

ரயில்ல வேலை பாக்கலாமான்னா, பாக்கலாம், மீட்டிங் மட்டும் வேணாம். ஊர் தாண்டினா சிக்னல் போகும் வரும், கொங்கண் பாதைல கேக்கவே வேணாம், வரிசையா சுரங்கம், ரத்னகிரி பக்கத்துல இருக்குற கார்புடே சுரங்கம் மட்டுமே ஆறரை கிலோமீட்டர். அதனால ரயில்ல ஆஃப்லைன்ல பண்றத வச்சுக்கோங்க, டாக்குமென்ட் எழுதுறது, கோடு ரிவ்யூ, வேணும்ங்கிற ஃபைல் எல்லாம் முன்னாடியே டவுன்லோட். சார்ஜ் விஷயம் கொஞ்சம் கவனிக்கணும். பழைய ஐசிஎஃப் கோச்ல சாக்கெட்ல வர்றது 110 வோல்ட்தான், உங்க லேப்டாப் அடாப்டரை திருப்பிப் பாத்தா இன்புட்னு போட்டு 100-240னு இருக்கும், அப்படி இருந்தா பிரச்சனை இல்ல, ஆனா கனமான அடாப்டர் ஆடுற ரயில்ல லூசான சாக்கெட்ல நிக்காது, கழண்டு கழண்டு விழும், ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் ஒயர் வச்சிருந்தா அடாப்டர் பெர்த் மேல படுத்துக்கும். ஸ்லீப்பர்ல எல்லா பெர்த்துக்கும் சாக்கெட் கிடையாது, கேபினுக்கு ஒண்ணு ரெண்டுதான். சில ரயில்ல ராத்திரி 11ல இருந்து காலைல 5 வரைக்கும் சார்ஜிங் பாயிண்ட்டையே ஆஃப் பண்ணிடுவாங்க, ஏறின உடனே சார்ஜ் போட்டுக்கோங்க. தூங்குறப்ப பெரிய பையை கீழ் சீட்டுக்கு அடில இருக்குற வளையத்துல சங்கிலி போட்டு பூட்டிடுங்க, லேப்டாப் பை தலைக்கு அடில.

சாப்பாடு பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. பெரிய ஸ்டேஷன்ல ஜெனரல் கோச் நிக்கிற பக்கம் பூரி கிழங்கு 20 ரூபாய்க்கு எகானமி மீல்னு விக்கிறாங்க, பசிக்கு போதும்.

ரயில் சீக்கிரம் போய் சேந்து ரூம் செக்-இன் மத்தியானம்தான்னா அந்த அரை நாளுக்காக ஒரு நாள் வாடகை குடுக்காதீங்க. கன்ஃபர்ம் ஆன பிஎன்ஆர் இருந்தா பெரிய ஸ்டேஷன்ல ரிடயரிங் ரூம், டார்மிட்டரி எல்லாம் ஐஆர்சிடிசி மூலமா புக் பண்ணலாம், குளிச்சு முடிச்சு பையை க்ளோக் ரூம்ல போட்டுட்டு ஊரைப் பாக்கலாம். பூட்டு போடாத பையை க்ளோக் ரூம்ல வாங்க மாட்டாங்க. ஸ்டேஷன்ல ரயில்வயர் வைஃபை தினம் முதல் அரை மணி நேரம் ஃப்ரீ, மெயில் பாக்க போதும், வீடியோ காலுக்கு வேணாம்.

இனி நெட். இதுல காசு மிச்சம் பண்ணாதீங்க, வேலை போச்சுன்னா பயணமும் போச்சு. ரெண்டு வேற வேற கம்பெனி சிம் கண்டிப்பா வேணும், மலை கிராமத்துல ஒண்ணு எடுக்குற இடத்துல இன்னொண்ணு எடுக்காது. முக்கியமா ஜம்மு காஷ்மீர், லடாக் போறவங்க கேளுங்க, நம்ம ஊர் ப்ரீபெய்ட் சிம் அங்க வேலையே செய்யாது, போஸ்ட்பெய்ட் மட்டும்தான் எடுக்கும். கிளம்புறதுக்கு முன்னாடியே ஒரு சிம்மை போஸ்ட்பெய்டுக்கு மாத்திடுங்க, அங்க போய் இறங்கினதுக்கு அப்புறம் ஓடிபி வராம முழிக்க வேண்டியிருக்கும்.

ரூம் பிடிக்கிறப்ப "வைஃபை இருக்கு"ங்கிற பேச்சை வச்சு அட்வான்ஸ் குடுக்காதீங்க. நீங்க உக்காந்து வேலை பாக்கப்போற அந்த டேபிள்ல இருந்தே ஸ்பீடு டெஸ்ட் எடுத்து ஸ்க்ரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்க, டவுன்லோட விட அப்லோட் எவ்ளோன்னு பாருங்க, வீடியோ கால் மாட்டிக்கிறது அங்கதான். அடுத்த கேள்வி, கரண்ட் போனா ரௌட்டருக்கு இன்வெர்ட்டர் இருக்கா? லைட்டுக்கும் ஃபேனுக்கும் இன்வெர்ட்டர் குடுத்துட்டு ரௌட்டரை விட்டிருப்பாங்க, ஹிமாச்சல்லயும் மழைக்கால கோவாலயும் இது ரொம்ப சகஜம். முதல் ரெண்டு நாளைக்கு மட்டும் புக் பண்ணுங்க, ஒரு வேலை நாள் முழுக்க அங்க ஓட்டிப் பாருங்க, சரியா இருந்தா நேர்ல உக்காந்து மாச வாடகை பேசுங்க. நேர்ல பேசினா ஆப்ல காட்டுற ரேட்டை விட எப்பவுமே குறையும்.

ரயில் போகாத இடத்துக்கு அரசு பஸ். டெல்லில காஷ்மீரி கேட், சண்டிகர்ல செக்டர் 43, இந்த ரெண்டு பஸ் ஸ்டாண்டும் தெரிஞ்சா ஹிமாச்சல் முழுக்க போயிடலாம், ஹிமாச்சல் அரசு பஸ்ல மணாலிக்கும் தர்மசாலாவுக்கும் ராத்திரி பஸ் இருக்கு. அங்கயே பீர்ங்கிற ஊருக்குப் போறவங்க பைஜ்நாத்ல இறங்கி லோக்கல் பஸ் பிடிக்கலாம். மலைல வளைவு ஜாஸ்தி, ஆர்டினரி பஸ்ல பின்சீட்டு வேணாம், முன்பக்கம் கேட்டு வாங்குங்க. வடகிழக்குல பஸ்ஸ விட ஷேர் சுமோதான் வாழ்க்கை. குவாஹாட்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்துல பல்டன் பஜார்ல இருந்து ஷில்லாங்குக்கு, நியூ ஜல்பாய்குரி, சிலிகுரில இருந்து டார்ஜிலிங், காங்டாக்குக்கு, சீட்டு நிறைஞ்சா வண்டி கிளம்பும். காலைல சீக்கிரம் போங்க, மத்தியானத்துக்கு மேல ஆள் சேராது, முழு வண்டி எடுத்துக்கோன்னு சொல்லுவாங்க. அருணாச்சல், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் நாலுக்கும் நம்மளுக்கே இன்னர் லைன் பெர்மிட், அதாவது மாநிலத்துக்குள்ள போக அனுமதிச் சீட்டு வேணும், ஆன்லைன்ல முன்னாடியே எடுத்துடுங்க, எத்தனை நாளைக்கு குடுக்குறாங்கன்னு பாத்துட்டு தங்குற பிளான் போடுங்க. சிக்கிம்ல பாக்யோங் மாவட்டத்துல யாக்தென்னு ஒரு கிராமத்தையே 2025ல லேப்டாப்போட வர்றவங்களுக்காக ஹோம்ஸ்டேயும் நெட்டும் போட்டு திறந்திருக்காங்க, இந்த மாதிரி இன்னும் நாலு கிராமம் வந்தா எவ்ளோ நல்லா இருக்கும்.

கோவால டாக்ஸிதான் பணத்தை தின்னும், ஊபர் ஓலா கிடையாது. பனாஜி மட்காவ் நடுவுல கதம்பா (கோவா அரசு பஸ்) ஷட்டில் நடுவுல எங்கயும் நிக்காம போகும், அதைப் பிடிங்க. தனியா போறப்ப பைக் டாக்ஸி, அங்க பைலட்னு சொல்லுவாங்க. மாசக்கணக்குல இருந்தா ஸ்கூட்டரை மாச வாடகைக்கு எடுக்குறது நல்லது, நம்பர் பிளேட் கருப்புல மஞ்சள் எழுத்தா இருக்கணும், அதுதான் வாடகைக்கு விட பெர்மிட் உள்ள வண்டி. வெள்ளை பிளேட் வண்டிய மலிவா குடுக்குறாங்கன்னு எடுத்தா போலீஸ்ல மாட்டுறது நீங்கதான்.

கடைசியா அமெரிக்கா ஷிஃப்ட் பாக்குறவங்களுக்கு. உங்களுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரிதான் வேலை ஜாஸ்தி, அதனால மேல சொன்ன வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில் ஒத்து வராது. சனிக்கிழமை காலைல கிளம்புற ரயிலா தேடுங்க, அப்பர் பெர்த் போடுங்க, பகல்ல கீழ எல்லாரும் உக்காந்திருந்தாலும் உங்களை யாரும் எழுப்ப மாட்டாங்க, வாரம் முழுக்க விட்ட தூக்கத்தை அங்கயே தூங்கிடலாம். ரூம் பாக்குறப்ப டார்ம் பக்கமே போகாதீங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு கால் பேசினா பக்கத்து பெட்காரர் விடமாட்டார், தனி ரூம் வேணும். அதுல பகல்ல தூங்க திரைச்சீலை கனமா இருக்கான்னும், ராத்திரி எத்தனை மணிக்கு கேட்டை பூட்டுவாங்கன்னும் கேட்டுட்டு அட்வான்ஸ் குடுங்க.