சிஎன்சி ரெயிலுக்கு எபாக்ஸி ஊற்றி மட்டம் எடுப்பது எப்படி?

வீட்டில் சிஎன்சி ரௌட்டர் (கணினி கட்டளைப்படி மரம் செதுக்கும் மெஷின்) செய்கிறவர்கள் பெரும்பாலும் சதுர இரும்புக் குழாயை வெல்டிங் வைத்துத்தான் ஃபிரேம் போடுகிறோம். வெல்டிங் சூட்டில் குழாய் வளைந்துவிடும். 1.2 மீட்டர் நீளத்தில் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் வளைவெல்லாம் சர்வ சாதாரணம். அதன்மேல் லீனியர் ரெயிலை (பிளாக் என்ற சறுக்கும் துண்டு ஓடுகிற இரும்புத் தண்டவாளம்) வைத்து போல்ட்டை முடுக்கினால் ரெயிலும் கூடவே வளையும். பிளாக் ஓரிடத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும், இன்னோரிடத்தில் இறுகி நிற்கும். பெரிய மில்லிங் மெஷினில் ஏற்றிச் சீவி வாங்கலாம்தான். ஃபிரேமை அங்கே கொண்டுபோகும் வண்டி வாடகையை யோசித்ததும் நான் எபாக்ஸிக்கு (ரெசினும் ஹார்ட்னரும் கலந்தால் கெட்டியாகும் திரவம்) வந்துவிட்டேன்.

கொத்தனார் டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு சுவர்களுக்கு மட்டம் பார்ப்பாரே, அதே சங்கதிதான் இது. ரெயில் உட்காரும் இரண்டு படுகைகளையும் ஒரு கால்வாயால் (இதுதான் பாலம்) இணைத்து, தண்ணீருக்குப் பதில் எபாக்ஸியை ஊற்றுகிறோம். அது மட்டமாகி, அந்த நிலையிலேயே கெட்டியாகிவிடுகிறது. பூமி உருண்டை என்பதால் திரவத்தின் மேற்பரப்பும் வளைந்துதானே இருக்கும் என்று கேட்பவர்களுக்கு: 1.2 மீட்டரில் அந்த வளைவு 0.03 மைக்ரான்தான். நிம்மதியாகத் தூங்கலாம்.

எந்த எபாக்ஸி? தண்ணீராக ஓடவேண்டும், மெதுவாக இறுகவேண்டும். இரண்டும் கட்டாயம். கடையில் சுலபமாகக் கிடைக்கும் லேமினேட்டிங் ரெசின்கள் பல தேன் மாதிரி இருக்கும். கண்ணாடி நார் வேலைக்குச் சரி, இதற்கு ஆகாது. கடைக்காரரிடம் ‘லோ விஸ்காசிட்டி ரெசின், ஸ்லோ ஹார்ட்னர்’ என்று கேளுங்கள். மேசைக்கு ஊற்றும் அலங்கார ரெசின்களில் சில, இறுகிய பிறகும் நகத்தால் கீறினால் தடம் விழும். அவை வேண்டாம்.

எவ்வளவு வேண்டும்? படுகை ஒன்று 1200 மி.மீ. நீளம், 60 மி.மீ. அகலம், எபாக்ஸி ஆழம் 8 மி.மீ. என்று வைத்தால் 576 மி.லி. இரண்டுக்கும் 1152. பாலம் 700 மி.மீ. நீளம், 40 அகலம் என்றால் இன்னும் 224. மொத்தம் 1376 மி.லி., எடையில் சுமார் ஒன்றரைக் கிலோ. ஆழத்தை 5 மி.மீ.-க்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். மெல்லிய படலம் ஓடாமல் அங்கங்கே நின்றுவிடும்.

ஃபிரேமைத் தயார் செய்வது. இங்கேதான் பாதி வேலை. மெஷின் கடைசியாக எங்கே நிற்கப்போகிறதோ அங்கேயே வைத்து ஊற்றுங்கள். மொட்டைமாடியில் ஊற்றி, பிறகு நான்கு பேர் தூக்கிக் கீழே இறக்கினால் ஃபிரேம் வேறு மாதிரி முறுக்கிக்கொள்ளும். எடுத்த மட்டம் போயிற்று. ரசமட்டம் வைத்து, காலடியில் தகடு கொடுத்து, முடிந்த அளவு நீங்களே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். எபாக்ஸி இறுகும்போது சிறிதளவு சுருங்கும். ஒரு முனையில் 5 மி.மீ., மறுமுனையில் 12 மி.மீ. என்று ஆழம் மாறினால் சுருக்கமும் மாறும்.

குழாய்ச் சுவர் 3 மி.மீ. என்றால் எம்5 (5 மி.மீ. தடிமன்) போல்ட்டுக்கு நான்கு மரைகூடச் சரியாகக் கிடைக்காது. அதனால் ரெயில் வரும் இடத்தில் முன்கூட்டியே 10 மி.மீ. தடிமன் இரும்புப் பட்டை (ஃபிளாட்) வைத்து வெல்டிங் செய்துவிடுங்கள். பெயின்ட், துரு எல்லாம் போக கிரைண்டரில் தேய்த்து, அசிட்டோனால் துடைக்க வேண்டும்.

கரை கட்டுவது. மர ரீப்பரில் பாக்கிங் டேப் ஒட்டி (எபாக்ஸி பிடிக்காமல் இருக்க) இரண்டு பக்கமும் கிளாம்ப் போடுங்கள். இடுக்குகளைச் சிலிக்கான் கொண்டு அடையுங்கள். பாலத்துக்கு, டேப் ஒட்டிய பிளைவுட் கால்வாய் போதும். அதன் தரை படுகையின் தரையோடு ஒரே உயரத்தில் இருக்கட்டும்.

சிலிக்கானை இரண்டு தடவை பாருங்கள். என் முதல் ஊற்றலில், வயருக்காக முன்பு போட்டு மறந்துபோன ஒரு 6 மி.மீ. ஓட்டையைக் காகித டேப் ஒட்டி மூடியிருந்தேன். காலையில் பார்த்தால் அந்த இடத்தில் தொப்புள் மாதிரி ஒரு குழி. அரைக் கிலோ ரெசின் குழாய்க்குள் போய்க் கட்டியாகிக் கிடந்தது, இன்னும் அங்கேதான் கிடக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே இரண்டாவது முறை ஊற்ற வேண்டியதாயிற்று.

கலப்பதும் ஊற்றுவதும். நைட்ரைல் கையுறை, காற்றோட்டம். எபாக்ஸி தோலில் பட்டுப் பட்டு ஒரு நாள் ஒவ்வாமை வந்துவிட்டால் அது போகாது. கையில் பட்டால் சோப்பு போட்டுக் கழுவுங்கள், அசிட்டோன் வேண்டாம். டப்பாவில் எழுதியிருப்பது எடை விகிதமா, கன அளவு விகிதமா என்று பார்த்து, அதற்கேற்பத் தராசிலோ அளவுக் குவளையிலோ அளந்து, மெதுவாக ஐந்து நிமிடம் கலக்குங்கள். அதை இன்னொரு சுத்தமான வாளிக்கு மாற்றி மறுபடி கலக்குங்கள். முதல் வாளியின் ஓரத்தில் கலக்காத ரெசின் ஒட்டியிருக்கும். கலந்ததும் தாமதிக்காதீர்கள். ஒன்றரைக் கிலோ ஒரே வாளியில் இருந்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். படுகையில் பரவிவிட்டால் சூடு அடங்கிவிடும்.

பாலத்தில் ஊற்றி, இரு பக்கமும் அதுவாக ஓடவிடுங்கள். மேலே வரும் குமிழிகளுக்கு ஹீட் கன்னை ஒரு வீச்சு காட்டினால் போதும். அப்புறம் பிளாஸ்டிக் தாள் பந்தல், ஃபேன் நிறுத்தம், அறைக்கதவு பூட்டு. வெயில் இறங்கிய மாலை நேரம் நல்லது. மழைநாள் வேண்டாம், ஈரக்காற்றில் மேலே பிசுபிசுப்பு படியும். படிந்துவிட்டாலும் மறுநாள் வெந்நீரும் நார்த்தேய்ப்பானும் போட்டால் போய்விடும்.

இறுகிய பிறகு. மறுநாளே கல் மாதிரி தெரியும், ஏமாறாதீர்கள். ஒரு வாரம் கழித்துத்தான் போல்ட். கரையோரம், டம்ளர் ஓரத்தில் தண்ணீர் ஏறி நிற்குமே, அப்படி ஐந்து மி.மீ. அகலத்துக்கு ஏறியிருக்கும், ஸ்கிரேப்பரால் சீவிவிடுங்கள். 20 மி.மீ. ரெயிலுக்கு 60 மி.மீ. படுகை எடுத்தது இதற்காகத்தான். பாலத்தை ஹேக்ஸாவால் அறுத்து எடுத்துவிட்டு, அந்தத் துண்டிலேயே ஓட்டை போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். எபாக்ஸியில் 5.5 மி.மீ., கீழே இரும்பில் 4.2 மி.மீ. துளை போட்டு, எம்5 டேப் என்ற கருவியால் மரை வெட்டுங்கள்.

எபாக்ஸி தருவது உயர மட்டம் மட்டும்தான். ரெயில் பக்கவாட்டில் நேராக இருக்கிறதா என்பதை ஸ்டிரெய்ட் எட்ஜ் (துல்லியமான நேர்ப்பட்டை) வைத்து நீங்களே பார்க்கவேண்டும். முதல் ரெயிலை நேராக்கி முடுக்குங்கள். இரண்டாவதை லூஸாக விட்டு, கேன்ட்ரியை (இரண்டு ரெயிலுக்கும் குறுக்கே ஓடும் சட்டம்) ஏற்றி, முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே பிளாக் நிற்கும் இடத்தில் ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கிக்கொண்டு வாருங்கள்.