ஆட்டுத்தோலை இழுத்துக் கட்ட, கழற்றி எடுத்துப்போகக்கூடிய மரச்சட்டம்

மொரிஷியஸில் தோல் காயவைக்கச் சட்டம் செய்ய நினைப்பவர்கள் மரத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் மழையைப் பற்றி யோசிக்க வேண்டும். மேற்குக் கரையில் ஆண்டுக்கு 1000 மி.மீ.கூடப் பெய்வதில்லை, ஆனால் கியூர்ப்பிப் இருக்கும் நடு மேட்டில் 4000 மி.மீ. வரை கொட்டுகிறது. இரண்டுக்கும் இடையே காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. மேட்டில் குடியிருப்பவர் காலை வெயிலை நம்பித் தோலை வெளியே வைத்தால் பத்து மணிக்குத் தூறும், பதினொன்றுக்கு வெயில் அடிக்கும், சாப்பிட்டு எழுந்திருப்பதற்குள் மறுபடி தூறும். தோலைச் சுவரில் ஆணியடித்து விரித்தவர் அதை நனையவிட வேண்டியதுதான், வேறு வழியில்லை. பாதி காய்ந்த தோல் திரும்பத் திரும்ப நனைந்தால் அடுத்த நாளே வாடை மாறும், அப்புறம் மயிர்க்கால் பக்கம் வழவழவென்று ஆகிவிடும். அந்தத் தோலை ரவானுக்கும் (மரவளையத்தில் ஆட்டுத்தோல் கட்டிய மொரிஷியஸ் தோல்வாத்தியம்) எடுக்க முடியாது, தப்புக்கும் எடுக்க முடியாது.

அதனால் இந்தச் சட்டம் இரண்டு விதத்தில் இடம் மாறக்கூடியதாக இருக்க வேண்டும். வெறும் சட்டமாக இருக்கும்போது நான்கு கட்டைகளாகக் கழன்று ஒரு கட்டாகக் கட்ட வர வேண்டும். அதைவிட முக்கியம், ஈரத்தோல் ஏறியிருக்கும்போது ஒரே ஆள் அதை அப்படியே தூக்கி உள்ளே கொண்டுபோக முடிய வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வரைபடங்கள் பெரும்பாலும் முதல் விஷயத்தோடு நின்றுவிடுகின்றன: கீல் வைத்து மடிப்பது, குழாயைச் செருகுவது, இப்படி. கீல் வைத்த மூலை கொஞ்ச நாளில் ஆட ஆரம்பிக்கும். காயும் தோல் சாதாரணமாக இழுக்காது, மெல்லிய கட்டையை வில்லாக வளைத்துவிடும். மூலை ஆடினால் செவ்வகம் ஒரு பக்கம் சாயும், தோலும் சாய்ந்த வடிவிலேயே காய்ந்து இறுகும். பிறகு அதை எவ்வளவு ஊறவைத்தாலும் ஒரு திசையில் இழுவை கூடுதலாகவே இருக்கும், வாத்தியத்தில் ஏற்றினால் ஒரு ஓரத்தில் தட்டும்போது ஒரு சத்தமும் எதிர் ஓரத்தில் வேறு சத்தமும் வரும்.

சரி, அளவுக்கு வருவோம். கீழே சொல்வது ஒரு முழு ஆட்டுத்தோலுக்கு. நம் ஊர் ஆட்டின் தோல் கழுத்திலிருந்து வால் வரை 90 செ.மீ. பக்கம் வரும், குறுக்கே 70 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். தோலின் ஓரத்துக்கும் கட்டைக்கும் நடுவே எல்லாப் பக்கமும் ஒரு சாண் இல்லாவிட்டாலும் 10 செ.மீ.யாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் கயிற்றை இழுக்க இடமே இருக்காது. ஆகவே சட்டத்தின் உள்வாய் 115 செ.மீ.க்கு 90 செ.மீ. இதற்கு 5 செ.மீ.க்கு 5 செ.மீ. பருமனுள்ள சதுரக் கட்டை நான்கு: 141 செ.மீ. நீளத்தில் இரண்டு, 116 செ.மீ. நீளத்தில் இரண்டு. கணக்கு இதுதான்: உள்வாய், இரண்டு கட்டைகளின் பருமன், அதோடு ஒவ்வொரு முனையிலும் 8 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு. அந்தக் கொம்பை மிச்சப்படுத்த நினைத்து அறுத்துவிடாதீர்கள், சட்டத்தின் உறுதியே அதில்தான் இருக்கிறது.

மூலையில் இரண்டு கட்டைகளையும் பாதி ஆழம், அதாவது 2.5 செ.மீ., வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார வைக்கிறோம். வெட்டு கட்டையின் முனையிலேயே இருந்தால் ஒரு பக்கச் சுவர்தான் மற்றக் கட்டையைத் தாங்கும். முனையிலிருந்து 8 செ.மீ. உள்ளே தள்ளி வெட்டினால் இரண்டு பக்கமும் சுவர் கிடைக்கும், கட்டை பள்ளத்துக்குள் இறுகி உட்கார்ந்துகொள்ளும், சாயப் பார்த்தாலும் சாய விடாது. அதனால்தான் இந்த மூலைக்குக் குறுக்குக் கட்டையும் வேண்டாம், இரும்புத் தகடும் வேண்டாம், ஒரு போல்ட் போதும். அதே கொம்பு பிறகு கைப்பிடியாகவும் காலாகவும் உதவும்.

வெட்டும் விதம்: பென்சிலால் கோடு போடும்போது டேப்பை நம்பாமல், எதிரில் உட்காரப் போகிற கட்டையையே மேலே வைத்து இரண்டு பக்கமும் கோடு இழுங்கள். கடையில் 5 செ.மீ. என்று விற்கும் கட்டை இழைத்த பிறகு 4.5 செ.மீ.தான் இருக்கும் (அப்படி இருந்தால் வெட்டின் அகலத்தையும் ஆழத்தையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்). கோட்டுக்கு உள்பக்கமாக ரம்பத்தை ஓட்டி, இடையில் இன்னும் மூன்று நான்கு வெட்டுப் போட்டு, உளியால் சிம்புகளைத் தட்டி எடுத்துவிட்டு அடிப்பகுதியைச் சமமாக்குங்கள். கையால் அழுத்தினால் இறங்காமல், மரச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினால் இறங்குகிற அளவுதான் சரியான இறுக்கம். லொடலொடவென்று விழுந்தால் வெட்டு பெரிதாகிவிட்டது, அந்த மூலைக்கு வேறு கட்டை எடுங்கள்.

நான்கு மூலைகளையும் சேர்த்து வைத்த பிறகுதான் போல்ட்டுக்குத் துளை போட வேண்டும். அதற்கு முன் உள்மூலையிலிருந்து எதிர் உள்மூலைக்கு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். மேலே சொன்ன அளவில் இரண்டும் 146 செ.மீ. வர வேண்டும், இரண்டும் சமமாக இருந்தால்தான் மூலைகள் செங்கோணம். ஒவ்வொரு மூலைக்கும் 10 மி.மீ. போல்ட், நீளம் 75 மி.மீ., இரண்டு பக்கமும் அகலமான வாஷர், கையால் திருகுகிற காது வைத்த நட்டு. எல்லாமே துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். வெறும் இரும்பு ஈரத்தோலில் பட்டால் துருக்கறை ஏறும், அது லேசில் போகாது. கடைசியில் ஒவ்வொரு மூலையிலும் இரண்டு கட்டைகளிலும் ஒரே எண்ணைச் செதுக்கி வையுங்கள். பேனாவால் எழுதினால் முதல் தடவை கழுவும்போதே அழிந்துவிடும்.

எந்த மரம் என்று கேட்டால், நான் நன்றாகக் காய்ந்த பைன் மரத்தையே சொல்வேன். முழுச் சட்டமும் ஆறு ஏழு கிலோவுக்குள் அடங்கும். கடற்கரையில் வளர்ந்து கிடக்கும் சவுக்கு, அதாவது இங்கே பிலாவோ, உறுதியில் பைனைவிட மேல்தான், ஆனால் எடை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும், உளி வைப்பதும் சிரமம், காயும்போது வெடிக்கும். வீட்டுப் பின்னால் நிரந்தரமாக நிற்கும் பெரிய சட்டத்துக்குச் சவுக்கு நல்லது, தூக்கிக்கொண்டு அலைவதற்கு வேண்டாம். எந்த மரமானாலும் ஆளிவிதை எண்ணெயை இரண்டு பூச்சுப் பூசி நன்றாகக் காயவிடுங்கள்.

கயிறு நைலான் வேண்டாம், நனைந்தால் நீளும். 4 மி.மீ. பாலியெஸ்டர் பின்னல் கயிறு எடுங்கள், நீளப் பக்கத்துக்கு 8 மீட்டர், குட்டைப் பக்கத்துக்கு 6 மீட்டர் என்று நான்கு துண்டுகளாக. ஒரே கயிற்றை நான்கு பக்கமும் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஓரிடத்தில் தளர்த்தினால் எல்லாப் பக்கமும் தளரும், ஓரிடத்தில் அறுந்தால் தோல் முழுக்கக் கீழே வந்துவிடும். கட்டையில் துளை போட்டுக் கயிறு கோர்ப்பதும் எனக்குப் பிடிக்காது, வரிசையாகத் துளை போட்ட கட்டை அந்த வரிசையிலேயே பிளக்கும். கட்டையைச் சுற்றியே கட்டலாம். வெளி விளிம்பில் 7 செ.மீ.க்கு ஒன்றாக 3 மி.மீ. ஆழத்துக்கு ரம்பத்தால் கீறி உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் கயிறு வழுக்காது.

இனித் தோல். சவ்வும் கொழுப்பும் வழித்து, கழுவி, நீர் வடிந்த தோலைப் புல்லில் மயிர்ப்பக்கம் கீழே இருக்கும்படி விரியுங்கள். உரித்த அன்றே ஏற்ற முடியாதவர்கள் தோலின் எடையில் பாதியளவு கல்லுப்புத் தேய்த்து மடித்து வைப்பார்கள். அதில் தவறில்லை, ஆனால் வாத்தியத்துக்கென்றால் ஏற்றுவதற்கு முன் தண்ணீரை மாற்றி மாற்றி அலசி உப்பை முழுவதும் எடுத்துவிட வேண்டும். தோலில் உப்பு தங்கினால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், மழை நாளில் ரவான் தொய்ந்து போய்விடும். கைக்கு ரப்பர் உறை கட்டாயம் போடுங்கள், விரலில் கீறல் இருந்தால் முதலில் அதை மூடுங்கள்.

ஓரத்திலிருந்து 1.5 செ.மீ. உள்ளே தள்ளி, 7 செ.மீ.க்கு ஒன்றாக, ஓரத்துக்கு இணையாக ஒரு செ.மீ. நீளக் கீறல் போடுங்கள். ஓரத்தை நோக்கிக் கீறினால் இழுத்தவுடன் வெளிப்பக்கமாகக் கிழிந்துகொண்டே போகும். வயிற்றோரத்தில் தோல் மெல்லியதாக இருக்கும், அங்கே கத்தி வைக்கவே வேண்டாம். மயிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சின்னக் கூழாங்கல்லைத் தோலுக்குள் தள்ளி, எதிர்ப்பக்கம் மொட்டு மாதிரி துருத்தும்போது அதன் கழுத்தில் கயிற்றுச் சுருக்கைப் போட்டு இறுக்குங்கள். துளையே இல்லாமல் பிடிமானம் கிடைக்கும், கீறலைவிட நன்றாகத் தாங்கும்.

கட்டுகிற வரிசை: முதலில் கழுத்து மேல் கட்டையில், பிறகு வால் கீழ்க் கட்டையில், முதுகெலும்புக் கோடு சட்டத்தின் நட்டநடுவில் வருகிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். வாத்தியம் செய்யும்போது அந்தக் கோடு வட்டத்தின் மையத்தில் ஓடினால்தான் இரண்டு பக்கமும் ஒரே தடிமன் கிடைக்கும். அப்புறம் இரண்டு விலாப் பக்கங்களையும் எதிரெதிராக மாற்றி மாற்றிக் கட்டுங்கள், கடைசியில் நான்கு கால்களின் தோலை மூலைகளை நோக்கி இழுங்கள். முதல் சுற்றில் கையால் இழுக்கும் இறுக்கம் போதும். நடுவில் உள்ளங்கையால் அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்கித் திரும்பி வர வேண்டும். ஈரத்தில் முழு பலத்தோடு இழுத்துவிட்டால் தோல் மெலிந்து நீட்சியை இழந்துவிடும், பிறகு ஊறவைத்து வளையத்தில் ஏற்றும்போது இழுப்பதற்கு அதில் எதுவும் மிச்சம் இருக்காது. ஒரு மணி நேரம் கழித்துத் தளர்ந்த இடங்களை மட்டும் இறுக்குங்கள், கயிற்றை அவிழ்க்காமல் கயிற்றுக்கும் கட்டைக்கும் நடுவே சிறு மர ஆப்பைச் செருகினாலே போதும். மறுநாள் இறுக்கவே கூடாது, அன்று தோல் தானே சுருங்கி இழுக்கும். கீறலின் முனைகள் வெளுத்து நீள்வதைப் பார்த்தால் உடனே அங்கிருக்கும் ஆப்பை உருவி விடுங்கள்.

நிழல், காற்று, இந்த இரண்டும் போதும். ஈரத்தோல் 60 பாகை செல்சியஸைத் தாண்டினால் சுருண்டு வெந்ததுபோல் ஆகிவிடும், மயிர் நீக்கச் சுண்ணாம்பில் ஊறிய தோல் அதற்கும் முன்பே. வெயிலில் காய்ந்த தகரக் கூரைமேல் சாய்ப்பது, அடுப்புப் பக்கம் வைப்பது, ஈரத்தோலைச் சட்டத்தோடு மூடிய காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவது, இவை எல்லாமே அந்த வெப்பத்தை எட்டக்கூடியவை. மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று வீசும் குளிர்காலம்தான் சரியான பருவம். மேட்டில் இருப்பவர்கள் மேற்குக் கரையில் ஃபிளிக் ஆன் ஃபிளாக், தமரின் பக்கம் சொந்தக்காரர் வீடு இருந்தால் சட்டத்தை அங்கே கொண்டுபோய் இரண்டு மூன்று நாள் வைக்கலாம். பின் இருக்கையை மடித்தால் ஏற்றிய சட்டம் உங்கள் காரில் படுக்குமா என்று கட்டை வாங்கும் முன்பே அளந்துகொள்ளுங்கள், இடிக்கிறதென்றால் கொம்பில் கை வைக்காமல் உள்வாயைக் குறையுங்கள். புயல் காலத்தில் தோல் கிடைத்தால் உப்புப் போட்டு வைத்துவிட்டுக் காத்திருப்பதே மேல்.

நிறுத்தி வைக்க, கீழ்க் கொம்புகளைத் தரையில் ஊன்றி, மேல் கட்டையின் நடுவில் கயிற்றால் ஒரு கம்பைக் கட்டிப் பின்னால் சாய்த்தால் முக்காலி மாதிரி நிற்கும். காற்று வலுத்தால் தள்ளிவிடும், அதனால் மேல் கொம்பு இரண்டையும் ஒரு மரத்தோடோ தூணோடோ கட்டிவிடுங்கள். நாய் எட்டாத உயரம் வேண்டும். சாயங்காலம் பனி இறங்குவதற்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும்.

சவ்வு மிச்சத்தைச் சுரண்டுவதற்குத் தோல் பாதி காய்ந்த நேரம்தான் சரி. சட்டத்தை இரண்டு பெட்டிகள்மேல் படுக்க வைத்து, கூர் மழுங்கிய வளைந்த தகட்டை நட்டமாகப் பிடித்து நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுரண்டினால் வெள்ளைச் செதில்களாக வரும். உடல் பாரத்தைப் போட்டு அழுத்துகிற வேலை இது, மூலை உறுதியாக வெட்டியிருந்தால் சட்டம் முனகாமல் தாங்கும். இடையிடையே தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: முதுகுக் கோடு கருத்தும் வயிற்றோரம் வெளுத்தும் தெரியும். எங்கே இன்னும் சுரண்டலாம், எங்கே கை வைக்கக் கூடாது என்பது அந்த வெளிச்சத்தில் தெரிந்துவிடும்.

வீட்டு விசேஷத்துக்கோ பக்ரீதுக்கோ ஆடு வெட்டும் நாளில் நல்ல தோல்கள் குப்பைக்குப் போவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. ரவான் அடித்துப் பாடி ஆடும் நம் செகா திப்பிக் 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, ஆனால் செயற்கைத் தோல் போட்ட ரவான்களை இப்போது எங்கும் பார்க்கிறோம். ஆட்டுத்தோல் ரவானை நெருப்பில் காட்டிச் சூடேற்றி அடிக்கும்போது வருகிற சத்தம் அதில் வராது. தெரிந்த கசாப்புக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், தோலில் கத்தி படாமல் கையால் தள்ளி உரித்துத் தரும்படி கேளுங்கள். கத்தித் தழும்பு விழுந்த இடம்தான் சட்டத்தில் முதலில் கிழியும்.

முழுக்கக் காய்ந்த தோல் விரலால் சுண்டினால் பலகை போலச் சத்தம் தரும். கயிற்றை அவிழ்க்கும்போதும் எதிரெதிராக மாற்றி மாற்றித் தளர்த்துங்கள், ஒரு பக்கம் முழுக்க விட்டால் மறுபக்கம் மடங்கி அந்த மடிப்பிலேயே வெடிக்கும். எடுத்த தோலைச் சுருட்டாமல் தட்டையாக, எலியும் கரையானும் வராத இடத்தில் வையுங்கள். சட்டத்தைக் கழற்றிக் கழுவி நிழலில் உலர்த்தி, நட்டுகளை அந்தந்தப் போல்ட்டிலேயே திருகிவிட்டு, நான்கு கட்டைகளையும் அதே கயிற்றால் கட்டிவிடலாம். மாட்டுத்தோலுக்கு இந்த அளவும் பருமனும் போதாது, அதற்கு 10 செ.மீ. கட்டையில் நிலையாக நிற்கும் சட்டம் தனியாகச் செய்ய வேண்டும்.